வரிச்சிப்பி

வலை கழுவுகிற நாளில் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போட மாட்டார்கள். சண்டை போடத் தெம்பு இருக்காது. ஏரிக்குள் நீலப் பீப்பாய்களில் மிதக்கும் மீன் கூண்டுகளிலிருந்து வலையைக் கழற்றி, படகில் ஏற்றி, கரைக்கு இழுத்துவந்து, கம்பிகளில் தொங்கவிட்டு, பாசியைத் தேய்த்துத் தேய்த்து உதிர்ப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மூத்தவர் ஒரு பக்கம், அவர் மனைவி ஒரு பக்கம், இடையில் அவருடைய தம்பி. கூண்டுகளும் கரையோரத்து வீடும் இந்த மூன்று பேருக்கும் சேர்ந்தது. பெற்றவர்கள் போனபோது தம்பி சிறு பையன். அண்ணியின் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டான். ஊர் அவனை இளையவன் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

குளிர்காலம் முடியும் சமயம் அது. காலையில் ஏரிமேல் பனிமூட்டம் கனமாக உட்கார்ந்திருக்கும். வெயில் வந்து தட்டி எழுப்பினால்தான் எழுந்து போகும். அன்று வலைகளை விரித்துப்போட்ட பிறகு, ஒரு பீப்பாயில் கசிவு இருக்கிறதென்று மூத்தவர் அதைக் கரைக்கு உருட்டி வந்து கவிழ்த்தார். அடிப்பக்கத்துப் பாசியை வழித்தபோது விரலில் சுருக்கென்று ஏதோ கீறியது. விரல்நகம் அளவில் ஒரு சிப்பி. பழுப்பு நிறம். மேலே கோணல்மாணலாக வரிகள். சுண்டிப் பார்த்தார், அசையவில்லை. பிடித்து இழுத்ததும் அடியில் நார் நாராக எதையோ பிய்த்துக்கொண்டு வந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிற்பைப் பார்த்து, மனைவி தேய்க்கிற பிரஷைக் கீழே வைத்தாள்.

"ஏரியில சிப்பி இருக்கிறது ஒரு அதிசயமா? பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க."

"நம்ம ஏரிச் சிப்பி சேத்துல படுத்துக் கிடக்கும். எதையும் புடிச்சுத் தொங்காது. இது தொங்குது பாரு."

அவள் வாங்கிப் பார்த்தாள். நாற்றைத் தடவுவதுபோல் அந்த நாரைத் தடவினாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

படகுத்துறையில் ஏரி அலுவலகம் நட்ட ஒரு தகரப் பலகை உண்டு. வருஷக்கணக்கில் அங்கே நிற்கிறது. அதிலிருந்த படத்துக்கு யாரோ கரியால் மீசை வரைந்து, அந்த மீசையும் வெளிறிப்போயிருந்தது. தினமும் அதில் சாய்ந்துதான் மூத்தவர் செருப்பைக் கழற்றுவார். அன்றைக்குத்தான் அதை நின்று படித்தார். வேறு நீர்நிலைகளிலிருந்து வரும் படகுகளில் ஒட்டிக்கொண்டு இந்தச் சிப்பி வரும். படகை நன்றாகக் கழுவி, காயவைத்து, பிறகே இறக்கவேண்டும். கண்டால் உடனே தெரிவிக்கவேண்டும். மீசைக்குக் கீழே இருந்த படமும் அவர் கையிலிருந்ததும் ஒன்றுதான்.

வேறு நீர்நிலையிலிருந்து வந்த படகு அந்தக் குடாவில் ஒன்றுதான் இருந்தது. குடா என்றால் ஏரி நிலத்துக்குள் விரலை நீட்டியதுபோல் ஒரு பகுதி. வாய் குறுகல், உள்ளே அகலம். காற்று அடிக்காது என்பதால் கூண்டு வைத்திருக்கும் நாலைந்து குடும்பங்களும் அங்கேயேதான் இருந்தன. அந்த ஒரு படகு இளையவனுடையது. எங்கோ ஓர் ஏரிக்கரையில் மூடிப்போன விடுதியிலிருந்து போன வருஷம் வாங்கி வந்தான். வெள்ளை வண்ணம் அடித்தான். மெத்தை இருக்கை தைத்தான். மேலே துணிப்பந்தல் கட்டினான். சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டுவான். அதுவரை அண்ணன் சொன்னதைச் செய்துவந்தவனுக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முதல்முதலாக வந்தது அந்தப் படகு. கல்யாணப் பேச்சுகூட அதற்குப் பிறகுதான் அவன் வாயில் வந்தது.

அண்ணனும் தம்பியுமாகப் படகைக் கரைமேல் இழுத்துச் சாய்த்தார்கள். அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாகத்தான் இருந்தது. பின்னால் மோட்டார் பொருத்தும் இரும்புத் தாங்கியின் பொந்துக்குள் மூத்தவர் கையை விட்டார். கை நிறையத் தட்டுப்பட்டது.

"கழுவிட்டுத்தானே எறக்கின?"

"தொடச்சேன்."

"தொடச்சேன்னா?"

"துணிய நனைச்சு, சுத்தமா. மேலயும் அடியிலயும்." இளையவன் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுக்குள்ள யாருண்ணே கை விடுவா?"

தானாக இருந்தாலும் கை விட்டிருக்க மாட்டோம் என்று மூத்தவருக்குத் தெரியும்.

அலுவலகத்தில் சொல்லிவிடலாம் என்று அண்ணி சொன்னாள். இளையவன் வேண்டாம் என்றான். தெரிந்தால் படகைப் பிடுங்கிக்கொள்வார்கள், குடாவைப் பூட்டுவார்கள், பக்கத்துக் கூண்டுக்காரர்கள் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள். பொந்தில் இருப்பதைச் சுரண்டிவிட்டுப் படகை வெயிலில் போட்டால் தீர்ந்தது, பீப்பாய்களில் இருப்பதையும் நாமே பொறுக்கிவிடலாம், எண்ணிப் பார்த்தால் ஒரு கைப்பிடிகூட இருக்காது என்றான். அவன் பேசப் பேச மூத்தவருக்கும் அப்படியே இருந்துவிடாதா என்று ஆசை வந்தது. சரி, பார்ப்போம் என்றார். அந்த வீட்டில் முடிவெடுக்க முடியாதபோதெல்லாம் சொல்கிற வார்த்தை அது.

யாருக்கும் சந்தேகம் வராதபடி அவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். கசிவு பார்க்கிறோம் என்று சொல்லி ஒவ்வொரு பீப்பாயாகக் கவிழ்த்து, வாளியில் சிப்பிகளைப் பொறுக்கி, வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார்கள். அண்ணி அடுப்படியிலிருந்து பெரிய பானையைத் தூக்கிவருவாள். பக்கத்துக் கூண்டுக்காரர் ஒருவர் உண்டு. கண்ணாடி தடிமனாக இருப்பதால் சோடாபுட்டி என்று பெயர். அவர் எட்டிப் பார்த்து, என்ன, நாள் தவறாமல் பீப்பாய்களுக்கு எண்ணெய்க் குளியலா என்று கேட்டார். இளையவன் சிரித்து மழுப்பினான்.

ஒரு வாரம் போனது. புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. இளையவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. சாப்பிடும்போது அண்ணியிடம் இன்னும் ரெண்டு மீன் துண்டு போடுங்க என்று கேட்டு வாங்கினான்.

கழுவி உலர்ந்த வலையை மடித்துவைக்கும்போது அண்ணியின் கைதான் அதைக் கண்டது. வலையின் ஓரக் கயிற்றைத் தடவினாள். உப்புத்தாளைத் தடவுவதுபோல் சொரசொரவென்று இருந்தது. மணலோ என்று உதறினாள், உதிரவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அரிசி நொய்யைவிடச் சின்னதாக, கயிறு முழுக்க, ஒவ்வொன்றிலும் ஊசியால் கீறியதுபோல் வரி.

கயிற்றைக் கொண்டுவந்து இரண்டு பேர் நடுவிலும் போட்டாள்.

"எத்தனை பானை தண்ணி கொதிக்க வைக்கணும்னு சொல்லுங்க. வச்சுத் தர்றேன்."

சாயங்காலம் மூத்தவர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். வாசலில் இளையவன் நின்றிருந்தான்.

"என் பேரைச் சொல்லுவீங்களாண்ணே?"

"கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னா சொல்ல மாட்டேன்."

ஏரி அலுவலகத்தில் இருந்த பெண் ஆய்வாளர் அதைக் கேட்கவில்லை. கயிற்றுத் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள், மேசைமேல் வைத்தாள், மறுபடி எடுத்துப் பார்த்தாள். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டாள். எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு மூத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். கூடவே நீருக்குள் இறங்கிப் பார்க்கிறவர்கள் வந்தார்கள். குடாவின் உள்ளே பாறைகளிலும் பீப்பாய்களிலும் இருந்தது. குடாவின் வாயைத் தாண்டி வெளியே தேடிய இடங்களில் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லும்போது அவள் குரலிலேயே ஒரு துள்ளல் தெரிந்தது. கூண்டுக்காரர்கள் எல்லாரையும் வலைக் கொட்டகைக்கு வரச்சொன்னாள். கவிழ்த்த பீப்பாய்மேல் உட்கார்ந்து பேசினாள்.

அவள் சொன்னது இதுதான். இந்தச் சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில் மிதந்து போகும். வெயில் ஏறித் தண்ணீர் சூடானால் லட்சக்கணக்கில் குஞ்சு விடும். ஒரு ஏரி முழுக்கப் பரவிவிட்டால் அதை ஒழித்தவர்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்தக் குடாவில் மட்டும் இருக்கிறதென்றால் ஒரு வழி உண்டு. குடாவின் வாயில் தடித்த திரையை அடிவரை இறக்கித் தண்ணீரைப் பிரித்துவிட்டு, உள்ளே செம்பு மருந்தைக் கலக்கவேண்டும். சிப்பி சாகும். திரைக்குள் இருக்கும் மீனும் சாகும்.

"கூண்டு மீனுமா?" என்று சோடாபுட்டி கேட்டார்.

"கூண்டு மீனும்தாங்க."

மீனை வேறு ஏரிக்கு மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். மாற்றுகிற தண்ணீரோடு குஞ்சும் போகும், இன்னோர் ஏரிக்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகும் என்றாள். எல்லாக் கூண்டிலும் அப்போது உள்ளங்கை அகலத்துக்குத்தான் வளர்ந்திருந்தன. பிடித்து விற்கவும் ஆகாது. அலுவலகம் உத்தரவு போட்டே செய்யலாம், ஆனால் உங்கள் சம்மதத்தோடு செய்வதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது, நாள் மட்டும் அதிகம் இல்லை என்றாள். இது பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியுமா என்று மூத்தவர் கேட்டார். முடியாது என்று சொன்னாள். வெளியே போகவில்லை என்றால் பலிக்கும். வெளியே எங்கேயாவது கண்டால் உடனே சொல்லுங்கள், அப்போது இதைச் செய்வதில் அர்த்தம் இல்லை.

கொட்டகைக்குள் சலசலவென்று பேச்சு எழுந்தது. எவன் கொண்டுவந்தான் இந்தச் சனியனை என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அதைத் தெரிந்து இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை என்று ஆய்வாளர் சொன்னாள். ஆனால் எல்லாருக்கும் கண் இருக்கிறது. கரைமேல் வெள்ளைப் படகு ஒன்று வெயிலில் கவிழ்ந்து கிடந்தது. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். மூத்தவர் வாயைத் திறக்கப்போனார். அதற்குள் இளையவன் எழுந்துவிட்டான்.

"என் படகுதான். மருந்து ஊத்துங்க. முதல்ல எங்க கூண்டுல ஊத்துங்க."

சொல்லிவிட்டு உட்காரவும் தெரியாமல் நின்றான். அண்ணி அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அப்புறமும் நெடுநேரம் முணுமுணுப்பு, பெருமூச்சு, விட்டுப்போன பழைய பகையெல்லாம் ஒரு சுற்று வந்தது. கடைசியில் எல்லாரும் சம்மதித்தார்கள். முதல் குரல் குற்றவாளியிடமிருந்தே வந்துவிட்டதால் மற்றவர்களுக்கு மறுக்க வழி இல்லாமல் போனது.

அந்த நாட்களில் இளையவன் வேறு ஆளாக இருந்தான். லாரியில் ஆரஞ்சு நிறத் திரை சுருள் சுருளாக வந்து இறங்கியது. அடியில் கட்டக் கல் வேண்டும், மேலே மிதவை வேண்டும், கரை இரண்டிலும் முளை அடிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் அவன் முன்னால் நின்றான். அவனோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அவன் கல் தூக்குகிற வேகத்தைப் பார்த்து, பாவம், போதும் விடு என்றார்கள். வீட்டுக்கு வந்தால் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்த உடனே தூங்கினான். செய்த தப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வெளியே போட ஒரு வழி கிடைத்திருக்கிறது அவனுக்கு என்று மூத்தவர் நினைத்தார்.

அண்ணி மட்டும் வழக்கம்போலக் காலையும் மாலையும் கூண்டுக்குப் போய் மீனுக்குத் தீனி போட்டுவந்தாள். சாகப்போகிறதற்கு எதற்குத் தீனி என்று சோடாபுட்டியின் சம்சாரம் கேட்டாளாம். நாமெல்லாம் இருக்கப்போகிறோம் என்றா சாப்பிடுகிறோம் என்று இவள் கேட்டுவிட்டு வந்தாளாம்.

திரை இறக்குவதற்கு முந்தின நாள் காலையில் மூத்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இளையவன் போன பருவம் முழுக்கச் சவாரி ஏற்றிக்கொண்டு ஏரியின் அக்கரையில் இருக்கும் நீரேற்று நிலையத்துத் துறைக்குப் போவான். அங்கே மோட்டார்கள் தண்ணீரை உறிஞ்சி ஊருக்கு அனுப்புவதைப் பார்க்கக் கூட்டம் வரும். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை படகு அங்கேயேதான் கட்டிக் கிடக்கும். ஆய்வாளரின் ஆட்கள் குடாவின் வாயைச் சுற்றித்தான் தேடினார்கள், அவ்வளவு தூரம் போகவில்லை. போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டால், மீனைக் கொல்லச் சம்மதித்த மனசுக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிக்காகத்தான் அவர் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

காற்று எதிரே அடித்தது. அக்கரை சேர்வதற்குள் கை மரத்துவிட்டது. துறையின் மரக்கால்களில் நீருக்குக் கீழே தோள்வரை கையை விட்டுத் தடவினார். பாசி, வழுவழுப்பு, வேறொன்றும் இல்லை. எல்லாக் கால்களையும் தடவினார். இல்லை. அவருக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போல இருந்தது.

திரும்பும்போது, தண்ணீர் உறிஞ்சும் இடத்துக்கு அடையாளமாக மிதக்கிற மஞ்சள் உருளையின் பக்கமாகப் படகு ஒதுங்கியது. நிலைப்படுத்திக்கொள்ள அதன் சங்கிலியைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. சங்கிலியை ஒரு முழம் மேலே இழுத்தார். கண்ணிக்குக் கண்ணி சிப்பி ஒட்டியிருந்தது. இன்னொரு முழம் இழுத்தார். கீழே போகப் போக அதிகமாக இருந்தது.

நிலையத்து மோட்டார்காரர் படியில் நின்று கூப்பிட்டு டீ கொடுத்தார். ரொம்ப நாளாக ஆளையே காணோமே என்றார். இங்கே ஒரே தொல்லை, வடிகட்டிக் கம்பியில் ஏதோ பொடிக்கல் மாதிரி அடைத்துக்கொள்கிறது, கோடை முடிந்ததிலிருந்தே இப்படித்தான், எந்தக் கரையை எவன் வெட்டுகிறானோ தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தவர் டம்ளரைப் பிடித்தபடி தலையை ஆட்டினார். டீ ஆறிப்போனது.

திரும்புகிற வழியில் ஏரி நடுவில் துடுப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் ஒரு சிப்பி இருந்தது. அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போகலாம். நாளைக்குத் திரை இறங்கும், மருந்து கலக்கும், மீன் செத்து மிதக்கும், தம்பி நிமிர்ந்து நடப்பான். ஆனால் இத்தனை பேர் மீனும் வீணாகச் சாகும், அதுவும் அவருக்குத் தெரிந்தே சாகும். எதைச் செய்தாலும் ஏரிக்கு நடக்கப்போவது ஒன்றுதான். அவர் பேசுவதாலோ பேசாமல் இருப்பதாலோ ஒரு சிப்பிகூடக் குறையாது. படகு தன்பாட்டுக்கு அலையில் திரும்பித் திரும்பி, கடைசியில் குடாவைப் பார்த்து நின்றது.

மனைவி கூண்டுப் பலகைமேல் நின்று தீனி வீசிக்கொண்டிருந்தாள். படகை அணைத்து நிறுத்திவிட்டு அவர் சிப்பியை நீட்டினார். எங்கே என்று கேட்டாள். சொன்னார். தண்ணீருக்குள் மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தீனியைப் பொறுக்கின. அவள் கையில் மிச்சமிருந்ததையும் வீசிவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தம்மாகிட்ட அப்புறம் சொல்லுங்க. முதல்ல அவன்கிட்ட சொல்லுங்க."

இளையவன் கரையில் கல்லைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டிருந்தான். அண்ணனைக் கண்டதும், எங்கே போனீர்கள், பெரிய கல்லைத் தூக்க ஆள் இல்லாமல் நிற்கிறேன் என்றான். மூத்தவர் அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். துறைக்கால்களில் இல்லாததைச் சொன்னார், சங்கிலியைச் சொன்னார், மோட்டார்காரர் சொன்ன பொடிக்கல்லைச் சொன்னார். இளையவன் முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை.

"நீ ஏன் போய்ப் பார்த்த?"

பேசத் தெரிந்த நாளிலிருந்து அண்ணனை அவன் நீங்க என்றுதான் சொல்லிவந்தான்.

"பாக்காம இருந்தா மட்டும் அது அங்க இல்லாம போயிடுமாடா?"

"நாளைக்குத் திரைய எறக்கியிருப்போம். ஊத்தியிருப்போம். அப்புறம் எப்பவோ அங்க தெரிஞ்சிருந்தா, அது வேற எப்படியோ வந்துதுன்னு நெனச்சிருப்போம்ல."

"நாம அப்படி நெனச்சிருக்கலாம். மீனு வீணா செத்திருக்குமேடா."

"என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்னாவது இருந்திருக்கும்ல எனக்கு." இளையவன் எழுந்தான். கட்டிய கல்லைப் பார்த்தான். அதைத் திரும்ப அவிழ்க்கவும் மனசு வராமல், தூக்கவும் காரணம் இல்லாமல், அப்படியே விட்டுவிட்டுக் கரையோடு நடந்து போனான்.

ஆய்வாளர் அன்று மதியமே அக்கரைக்குப் போனாள். மூத்தவர்தான் படகு ஓட்டினார். சங்கிலியைப் பார்த்தாள், வடிகட்டிக் கம்பியைத் தூக்கச்சொல்லிப் பார்த்தாள். நிலையத்துப் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி உள்ளே புகுந்திருந்த தண்ணீரைக் கொட்டினாள். பிறகு போனில் யார் யாரிடமோ பேசினாள். பேசப் பேசக் குரல் தணிந்துகொண்டே போனது.

"திரை வேண்டாம்னு சொல்லிட்டேங்க," என்றாள் கடைசியில்.

"வேற மருந்து ஏதாவது?"

"இவ்வளவு பெரிய ஏரிக்கு இல்லீங்க. இனிமே இது இங்கதான். அடுத்த ஏரிக்குப் போகாம பாத்துக்கலாம். அவ்வளவுதான் நம்மால ஆகும்."

முன்னாலேயே வந்து சொல்லியிருந்தால் என்று மூத்தவர் ஆரம்பித்தார். அவள் கையை ஆட்டி மறுத்தாள். சங்கிலியில் இருப்பது போன கோடையிலேயே வந்தது, நீங்கள் அந்த முதல் சிப்பியைக் கண்ட அன்றே ஓடி வந்திருந்தாலும் இதுதான் என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாளோ என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உண்மையைத்தான் சொன்னாள். அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மீன் பிழைத்தது என்று கேட்டதும் சோடாபுட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்த்து, வந்த சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருமினார். லாரி வந்து ஆரஞ்சுத் திரையை ஏற்றிக்கொண்டு போனது. கட்டிய கற்கள் மட்டும் கரையில் கிடந்தன.

கோடை வந்தது. ஆய்வாளர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. வாரம் ஒருமுறை கழுவிய வலையை ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவவேண்டி வந்தது. கண்ணிகளெல்லாம் அடைத்துக்கொண்டு, உள்ளே ஓட்டம் இல்லாமல் தண்ணீர் தேங்கி, மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒரு வலையைத் தூக்க மூன்று பேர் போதாமல் சோடாபுட்டி வீட்டாரையும் கூப்பிட்டார்கள். அவர்கள் வலைக்கு இவர்கள் போனார்கள். அந்த அளவில் பகை மறந்துபோனது. யார் கொண்டுவந்தது என்று கேட்கக்கூட யாருக்கும் நேரமில்லை. செருப்பில்லாமல் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை. அண்ணியின் பாதத்தில் வெட்டு ஆறுவதற்குள் இன்னொரு வெட்டு விழுந்தது. வலையில் கிடைக்கிற ஏரி மீன்கள் தலை பெருத்து உடல் வற்றி வந்தன. தண்ணீரில் இருந்த தீனியையெல்லாம் சிப்பி உறிஞ்சிவிடுகிறது என்றாள் ஆய்வாளர்.

படகுத்துறையில் அலுவலகம் ஒரு தண்ணீர்ப் பீய்ச்சியை வைத்தது. ஏரியை விட்டு வெளியே போகிற படகையெல்லாம் கழுவி அனுப்ப ஆள் வேண்டும் என்றபோது இளையவன் போய் நின்றான். வெள்ளைப் படகைப் பிரித்துப் பலகையாக்கிவிட்டான். காலையில் போனால் இருட்டும்வரை அங்கேயே இருந்தான். படகுகளின் பொந்துக்குள் எல்லாம் கையை விட்டுப் பார்த்தான். சிலர் திட்டினார்கள், சிலர் கழுவாமலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். அவன் அந்த வண்டிகளின் பின்னால் கொஞ்சதூரம் ஓடிவிட்டுத் திரும்பி வருவான். அண்ணனிடம் அவன் வாயில் நீங்க திரும்பி வந்திருந்தது. வழி கேட்கிற வெளியாளிடம் சொல்லுகிற நீங்க. மூத்தவர் அதை வாங்கிக்கொண்டார்.

அடுத்த கோடையில், சிப்பி எல்லாவற்றையும் உறிஞ்ச உறிஞ்ச, ஏரி தெளிந்தது. பச்சையும் கலங்கலுமாகவே அவர்கள் பார்த்துவந்த தண்ணீர், கண்ணாடிபோல ஆகிவிட்டது. ஒரு நாள் கூண்டு ஒன்று பாரம் தாங்காமல் முழுகிப்போனது. அதைத் தூக்க ஆள் தேடி மூத்தவர் துறைக்குப் போய் நின்றார். இளையவன் பீய்ச்சியை நிறுத்திவிட்டு அவர் பின்னால் வந்து படகில் ஏறினான்.

முழுகிய இடத்தில் படகை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஏரியின் அடி தெரிந்தது. பிறந்ததிலிருந்து அதன்மேல் போய்வந்துகொண்டிருந்தார்கள், ஒருநாளும் அதைக் கண்டதில்லை. மரக்கட்டைகள் தெரிந்தன. அப்பா காலத்தில் தொலைந்த நங்கூரம் ஒன்று தெரிந்தது. எல்லாவற்றின்மேலும் ஒரு விரலிடை விடாமல் சிப்பி மூடியிருந்தது. வெயில் அதன்மேல் ஆடியது. இளையவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கயிற்றின் ஒரு முனையை அண்ணனிடம் கொடுத்தான். இரண்டு பேரும் முடிந்தவரை இழுத்தார்கள். கூண்டு அசையவில்லை. விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

துறையில் சுற்றிப்பார்க்க வந்த ஒரு குடும்பம் நின்றிருந்தது. பிள்ளைகள் ரப்பர் செருப்போடு முழங்கால் தண்ணீரில் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துச் சிரித்தன. தகப்பன், படகைக் கட்டிய இரண்டு பேரையும் பார்த்துச் சந்தோஷமாகப் பேச்சுக்கொடுத்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது ஒரே பாசியாக இருந்தது, இப்போது அடிவரை தெரிகிறதே, வேறெங்கும் இப்படிப் பார்த்ததில்லை என்றார்.

"எப்படிங்க இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க?"

மூத்தவர் கட்டிய கயிற்றை இன்னொருமுறை இறுக்கினார். தம்பி முந்திக்கொண்டான்.

"நாங்க ஒண்ணும் பண்ணலைங்க."

அடக்கமாகப் பேசுகிற மனிதன் என்று நினைத்து அந்தத் தகப்பன் இளையவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.